வடதுருவ ஒளிக்கு எத்தனை இரவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த குளிர்காலச் சுற்றுலாக் கட்டுரையையும், அதே பக்கங்களில் இடம்பெற்றிருந்த பயண விளம்பரங்களையும் படித்தேன். வடதுருவ ஒளியைக் காண எட்டு நாள் பயணம் என்று பெரிய எழுத்தில் அறிவித்துவிட்டு, ஆஸ்லோ, ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி என மூன்று தலைநகரங்களைச் சுற்றிக் காட்டி, கடைசியில் பின்லாந்தின் ரொவானியெமியில் ஓர் இரவு மட்டும் தங்கவைக்கும் திட்டங்களே அந்த விளம்பரங்களில் மிகுதி. கட்டுரையும் எங்கே தங்கலாம், என்ன வாங்கலாம், நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியில் எப்படி ஏறலாம் என்றெல்லாம் சுவைபடச் சொன்னதே தவிர, ஒளியைக் காணும் வாய்ப்பை உண்மையில் தீர்மானிக்கும் இரண்டைப் பற்றி, அதாவது மேகத்தையும் இரவுகளின் எண்ணிக்கையையும் பற்றி, ஒரு வரிகூடச் சொல்லவில்லை. நார்வேயின் வடக்கே உள்ள ட்ரோம்சோ நகரில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டுக் கோவைக்குத் திரும்பியவன் நான். குளிர்காலம் தோறும் ஊரிலிருந்து வந்த நண்பர்களையும் உறவினர்களையும் வரவேற்று அனுப்பிவைத்தவன் என்ற முறையில், ஒரு வாரமே விடுப்பு எடுக்கக்கூடிய நம் வாசகர்களுக்குப் பயன்படும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

அறிவியலைத் திட்டமிடலுக்குத் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். சூரியனிலிருந்து இடைவிடாது வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம் பூமியின் காந்தப்புலத்தோடு மோதுவதால் அப்புலத்தில் ஆற்றல் சேர்கிறது. அங்கே முடுக்கம் பெற்ற எலக்ட்ரான்கள் காந்தத் துருவத்தைச் சுற்றி ஒரு வளையமாக வளிமண்டலத்தில் இறங்குகின்றன. தரையிலிருந்து 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் அவை ஆக்சிஜனைத் தாக்கும்போது பச்சையும், 200 கிலோமீட்டருக்கு மேல் தாக்கும்போது சிவப்பும் தோன்றுகின்றன. திரைபோல் தொங்கி ஆடும் அவ்வொளியின் கீழ்விளிம்பில் சில வேளைகளில் ஓடும் இளஞ்சிவப்பு நைட்ரஜனால் வருவது. மேகமோ தரையிலிருந்து அதிகம் போனால் பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மேலே எவ்வளவு பெரிய ஒளி ஆடினாலும் கீழே மேகம் மூடியிருந்தால் பார்ப்பவருக்கு எதுவும் இல்லை என்பது இதிலிருந்தே விளங்கும். அந்த வளையம் பெரும்பாலான இரவுகளில் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடபகுதிக்கும் ஐஸ்லாந்துக்கும் நேர் மேலேயே கிடக்கிறது. ஆகவே அங்கே போய்ச் சேர்ந்தவருக்கு ஒளி உண்டாகுமா என்பது இரண்டாவது கேள்விதான். வானம் திறக்குமா என்பதே முதற்கேள்வி.

இந்த வரிசை நம்மவர்களிடம் தலைகீழாகிவிட்டதற்கு 2024 மே மாதத்துக் காந்தப்புயல் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்த மே 10, 11 ஆகிய நாள்களின் இரவில் லடாக்கின் ஹான்லேயில் உள்ள வானியல் ஆய்வுக்கூடத்தின் கேமராக்களில் வானம் சிவந்து பதிவானதை எல்லா நாளிதழ்களும் வெளியிட்டன. வடக்கே வெகு தொலைவில் எழுந்த ஒளியின் மேற்பகுதி மட்டும் அடிவானத்துக்கு மேலே எட்டிப் பார்த்த அரிய நிகழ்வு அது. துருவத்துக்கு வெகு தெற்கே உள்ள ஹான்லே போன்ற ஊரில் எதுவும் தெரிய வேண்டுமானால் பெரும் புயல் வேண்டும், ட்ரோம்சோவில் வேண்டியதில்லை. ஆனால் அதன்பிறகு எல்லோரும் 'கேபி' எண்ணைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, அது 5-ஐத் தொட்டால்தான் ஒளி வரும் என்று நம்பத் தொடங்கிவிட்டார்கள். பூமி முழுவதற்குமான காந்தக் கொந்தளிப்பை 0 முதல் 9 வரை அளந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சொல்லும் எண் அது. வளையத்துக்கு நேர் கீழே நிற்பவருக்கு 2 என்ற அளவிலேயே அழகான திரைகள் தெரியும். 5 என்று காட்டிய இரவில் மேகத்தின் கீழே நின்றுவிட்டு, 2 என்று காட்டிய தெளிந்த இரவில் விடுதியில் தூங்கிவிடுபவர்களே அங்கு அதிகம்.

இன்னொரு விற்பனைப் பேச்சையும் இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. சூரியன், தன் கொந்தளிப்பு ஏறி இறங்கும் பதினோராண்டுச் சுழற்சியின் உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக நாசாவும் அமெரிக்கக் கடல் வளிமண்டல நிர்வாகமும் 2024 அக்டோபரில் அறிவித்தன. அதைப் பிடித்துக்கொண்டு, இப்போது போகாவிட்டால் இன்னும் பத்தாண்டு காத்திருக்க வேண்டும் என்று முகவர்கள் அச்சமூட்டுகிறார்கள். ஆனால் உச்சம் தணியும் ஆண்டுகளிலும், சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் நீடித்திருக்கும் துளைகளிலிருந்து வேகமான துகள் காற்று திரும்பத் திரும்ப வீசும். வளையத்தின் கீழ் இருக்கும் ஊர்களுக்கு அதுவே போதும். சுழற்சியின் அடிமட்டத்திலும் ட்ரோம்சோவில் ஒளி இல்லாத குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. பணமும் விடுப்பும் கூடிவரும் ஆண்டே நல்ல ஆண்டு. கடன் வாங்கி ஓட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

எந்த ஊருக்குப் போவது என்பதை மேகத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ட்ரோம்சோ ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர் வடக்கே இருந்தும், அட்லாண்டிக் பெருங்கடலின் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் சனவரியிலும் பூஜ்யத்துக்கு நான்கைந்து பாகை கீழே என்ற அளவில்தான் சராசரிக் குளிர் இருக்கும். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது பெரிய வசதி. ஆனால் அந்த வெதுவெதுப்போடு கடலிலிருந்து மேகமும் வரும். தொடர்ந்து மூன்று நாள் பனி கொட்டுவது அங்கே வியப்பு அன்று. கடலோரத்து மலைகளைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் நிலைமை மாறிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை மழையை மறித்துக்கொள்வதால் கோவை வறண்டு கிடப்பதைப் போல, நார்வேயின் மலைகள் ஈரத்தை வாங்கிக்கொள்வதால் ஸ்வீடனின் அபிஸ்கோ வறண்ட ஊராக இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் மழையும் பனியும் மட்டுமே பெறும் அந்தச் சிற்றூருக்கு மேலே, டோர்னெட்ரெஸ்க் ஏரியை ஒட்டி, சுற்றிலும் மேகம் சூழ்ந்திருக்கும்போதும் ஒரு துண்டு வானம் திறந்திருப்பதை அங்குள்ளோர் நன்கு அறிவர். ட்ரோம்சோவிலிருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒளியைத் தேடி மாலையில் புறப்படும் 'வேட்டை வண்டிகள்' ஸ்கிபோட்ன் பள்ளத்தாக்கு வழியாகப் பின்லாந்தின் கில்பிஸ்யார்வி வரை 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதும் இதே மழைமறைவைத் தேடித்தான். எல்லை தாண்டும் பயணம் என்பதால் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எனவே என் பரிந்துரை இரண்டில் ஒன்று. நகர வசதியும் மிதமான குளிரும் வேண்டுவோர் ட்ரோம்சோவில் தங்கி, மேகம் உள்ள இரவுகளில் வேட்டை வண்டியில் கிழக்கே போகலாம். அமைதியாக ஒரே இடத்தில் இருந்து பார்க்க விரும்புவோர், கிருணா விமான நிலையத்திலிருந்தோ ஸ்டாக்ஹோமிலிருந்து இரவு இரயிலிலோ அபிஸ்கோவுக்குப் போகலாம். ஆனால் அங்கே உணவகமும் கடையும் மிகக் குறைவு, குளிரும் ட்ரோம்சோவைவிடக் கடுமை. நார்வேயின் ஆல்டாவும் நல்ல தேர்வே. துருவ ஒளி ஆய்வின் முன்னோடியான கிறிஸ்டியன் பிர்க்லாந்து 1899-இல் தம் ஆய்வுக்கூடத்தை அதன் அருகே ஹால்டே மலையுச்சியில் அமைத்தார் என்பது அவ்வூருக்குப் போதிய நற்சான்று. ரொவானியெமியை நான் குறை சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்க்கக் குழந்தைகளோடு போவோருக்கு அது ஏற்ற இடம். ஆனால் அது ஆர்க்டிக் வட்டத்தின் விளிம்பிலேயே உள்ளது, நகர வெளிச்சமும் உண்டு, திசம்பரில் பின்லாந்தின் வானம் பெரும்பாலும் மூடியே கிடக்கும். பின்லாந்துதான் வேண்டும் என்றால் இன்னும் வடக்கே இனாரி, சாரிசெல்கா பக்கம் போவது மேல். ஐஸ்லாந்தில் வானிலை மணிக்கொரு முறை மாறும் என்றாலும், அந்நாட்டு வானிலை நிலையம் எந்தப் பகுதியில் எந்த நேரம் மேகம் விலகும் என்று வரைபடமாகவே வெளியிடுகிறது. அதைப் படித்து இடம் மாறத் துணிந்தவர்களுக்கு அது ஏற்ற நாடு. டொராண்டோவில் உறவினர்கள் உள்ள நம் வாசகர்கள் ஐரோப்பாவை மறந்துவிட்டுக் கனடாவின் யெல்லோநைஃபை எண்ணிப் பார்க்கலாம்: அகலாங்கு 62-தான் என்றாலும் காந்தத் துருவம் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதால் அது வளையத்தின் கீழேயே வருகிறது, கண்டத்தின் உட்பகுதி என்பதால் வானமும் தெளிவு, சனவரியில் பூஜ்யத்துக்கு 25 பாகை கீழே சராசரியாகத் தாங்க வேண்டும் என்பது அதற்கான விலை.

அண்மைக் காலத்தில் மின்விசா எளிதாகக் கிடைப்பதாலும் செலவு குறைவதாலும் ரஷ்யாவின் முர்மான்ஸ்க் நம் நாட்டவரிடையே பெயர் பெற்றுவருகிறது. ஒளியைப் பொறுத்தவரை அது ட்ரோம்சோவுக்கு எந்த வகையிலும் தாழ்ந்ததன்று. ஆனால் 2022 மார்ச்சிலிருந்து நம் வங்கிகள் தரும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே செல்லாது என்பதையும், நாட்டின் போர்ச்சூழலில் விமான நேரங்கள் முன்னறிவிப்பின்றி மாறலாம் என்பதையும் குடும்பத்தோடு போவோர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இனி இரவுகளின் கணக்கு. ஒரு பேச்சுக்கு, ஓர் இரவில் வானம் போதுமான அளவு திறக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவு மட்டும் தங்குபவர்களில் பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்புவர். இரண்டு இரவானால் நால்வரில் ஒருவர். நான்கு இரவானால் பதினாறு பேரில் ஒருவர். மேகம் வந்தால் இரண்டு மூன்று நாள் நீடிக்கும் இயல்புடையது என்பதால் உண்மைக் கணக்கு இவ்வளவு தாராளமாக இராது; ஆயினும் எட்டு நாள் பயணத்தில் ஓர் இரவை மட்டும் வடக்கே ஒதுக்குவது எப்படிப்பட்ட சூதாட்டம் என்பதை இது காட்டும். விளம்பரத்தில் 'ஒளி தெரியாவிட்டால் மறுநாள் மீண்டும் இலவசமாக அழைத்துச் செல்வோம்' என்று உறுதி கூறுவதையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே பார்க்க வேண்டும். மறுநாள் காலையில் விமானம் ஏற வேண்டியவருக்கு அந்த உறுதியால் என்ன பயன்? பல மாதங்களுக்கு முன்பே ஓர் இரவுக்குப் பெருந்தொகை கொடுத்து முன்பதிவு செய்யப்படும் கண்ணாடிக் கூரைக் குடில்களுக்கும் இதே குறை உண்டு: குடில் அழகானதுதான், ஆனால் அது தெளிந்த வானத்தைத் தேடிக்கொண்டு நகராது. அந்த ஓர் இரவின் கட்டணத்தில் சாதாரண விடுதியில் கூடுதலாக இரண்டு இரவு தங்கலாம்.

ஆகவே எட்டு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், நான் இவ்வாறு வகுப்பேன். சென்னையிலிருந்து ஆஸ்லோவுக்கு நேரடி விமானம் இல்லை. வளைகுடா நாடுகள் வழியாகவோ பிராங்க்பர்ட், லண்டன் வழியாகவோ ஆஸ்லோ போய், அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பறந்து ட்ரோம்சோ சேர வேண்டும். முதல் நாளும் கடைசி நாளும் பயணத்திலேயே கழியும். இடையில் ஐந்து இரவுகளையாவது ட்ரோம்சோவில் ஒரே விடுதியில் தொடர்ச்சியாகத் தங்கிவிட்டு, திரும்பும் வழியில் ஆஸ்லோவில் ஓர் இரவு நிற்கலாம். தலைநகரைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு: பனிப்புயலால் உள்நாட்டு விமானம் தாமதமானால், ஊர் திரும்பும் விமானத்தைத் தவறவிடாதபடி அந்த ஓர் இரவு காக்கும். விமானங்கள் அனைத்தையும் ஒரே பயணச்சீட்டில் எடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். தனித்தனியாக எடுத்தால் சில ஆயிரம் ரூபாய் குறையலாம், ஆனால் முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள்.

தூக்கத்தைப் பற்றி எந்தக் கட்டுரையும் எழுதுவதில்லை. குளிர்காலத்தில் நார்வே நம்மைவிட நான்கரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. ஒளி பெரும்பாலும் உயிர்பெறும் இரவு பத்து மணி என்பது நம் உடலுக்கு விடியற்காலை இரண்டரை மணி. சென்று சேர்ந்த முதல் இரண்டு இரவுகளில், உணவு முடிந்ததும் ஒரு மணி நேரம் படுத்து எழலாம் என்று சாய்பவர் காலையில்தான் விழிப்பார். எனவே பகலில் தூங்க வேண்டும். நவம்பர் இறுதி முதல் சனவரி நடுப்பகுதி வரை ட்ரோம்சோவில் சூரியன் உதிப்பதே இல்லை என்பதால் அது கடினமும் அன்று. நண்பகலில் சில மணி நேரம் நீலமும் இளஞ்சிவப்புமாக வெளிச்சம் பரவி மறையும். பகல் முழுவதும் நாய்வண்டி, கலைமான் பண்ணை, திமிங்கிலப் படகு என்று நிரப்பிக்கொண்டு இரவில் களைத்து விழுவது, வந்த நோக்கத்தையே கெடுக்கும். இரண்டு நாளுக்கு ஒன்று போதும்.

எந்த மாதம் என்று கேட்டால், விடுமுறையையும் வானத்தையும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டும். நம்மவர்கள் அரையாண்டு விடுமுறையைக் கருதித் திசம்பர் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதுதான் விமானமும் விடுதியும் மிக உயர்ந்த விலைக்கு விற்கும் வாரம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வானம் பொதுவாகத் தெளிவு, பகலில் வெயிலும் பனியும் சேர்ந்து கண்ணுக்கு விருந்து, இரவும் போதிய அளவு நீளம். சம இரவு நாள்களை ஒட்டிக் காந்தக் கொந்தளிப்பு இயல்பாகவே கூடும் என்பதும் மார்ச்சுக்குச் சாதகம். பள்ளித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இல்லாதவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது பிப்ரவரி இறுதியும் மார்ச் முதற்பாதியும்தான். பிள்ளைகள் உள்ளவர்கள் பொங்கல் விடுமுறையோடு சில நாள் சேர்த்துக்கொள்ளலாம்.

நிலவையும் பார்க்க வேண்டும். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே இதற்குப் போதுமானது, ஏனெனில் அமாவாசையும் பௌர்ணமியும் எல்லா நாட்டுக்கும் ஒன்றே. தைப்பூசத்தை ஒட்டிய முழுநிலவில் மங்கலான ஒளி கரைந்துபோகும். ஆனால் வலிமையான ஒளி அப்போதும் தெரியும், பனிமூடிய மலைகளும் நிலவில் பளிச்சிட்டுப் படத்துக்கு அழகு சேர்க்கும். தை அமாவாசையை ஒட்டிய வாரம் சூரியன் மீண்டும் தலைகாட்டத் தொடங்கிய காலமாகவும், இரவில் நல்ல இருளுள்ள காலமாகவும் அமைவதால், என் கண்ணோட்டத்தில் சனவரி, பிப்ரவரியில் அதுவே சிறந்த வாரம். நீண்ட இருளுக்குப் பிறகு திரும்பும் சூரியனை வரவேற்க அவ்வூரார் சனவரி 21 அன்று பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் இனிப்பு ரொட்டி தின்பது வழக்கம். நம் பொங்கலுக்கு ஒரு வாரம் கழித்து அவர்களுக்கும் ஒரு சூரியன் பண்டிகை இருப்பதை எண்ணி நான் மகிழ்ந்ததுண்டு.

புறப்படும் நாளை இன்னும் நெருக்கமாகக் கணிக்க ஒரு வழி இருக்கிறது. பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 27 நாள் ஆகிறது. ஓர் இரவில் வேகமான சூரியக் காற்றால் நல்ல ஒளி தோன்றியிருந்தால், 27 நாள் கழித்து அதே துளை மீண்டும் நம்மை நோக்கித் திரும்பும் வாய்ப்பு உண்டு. விடுப்பு நாளை முன்பின் தள்ளக்கூடியவர்கள் இதைக் கணக்கில் எடுக்கலாம். மற்றவர்கள் இதற்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் பிழம்பு பூமிக்கு வர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும் என்றாலும், அதன் காந்தப்புலம் பூமியின் புலத்தோடு எளிதில் இணையும்படி தெற்கு நோக்கியிருக்கிறதா என்பது நமக்கும் சூரியனுக்கும் இடையே 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் விண்கலங்களைக் கடக்கும்போதுதான் தெரியும். அதாவது உறுதியான எச்சரிக்கை அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் கிடைக்கும். அந்த இடத்தில்தான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்டு, 2024 சனவரி 6 அன்று நிலைகொண்ட நம் ஆதித்யா எல்-1 கலமும் இருக்கிறது. அது ஏவப்பட்டபோது அத்திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர். கொடைக்கானலில் 1899-இல் அமைக்கப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சூரியனைப் பார்த்துவரும் ஆய்வுக்கூடத்தைத் தன்னிடம் கொண்ட மாநிலத்தின் நாளிதழ்கள், விண்வெளி வானிலையைப் பற்றிக் குளிர்காலத்திலாவது நாலு வரி எழுதலாம் என்பது என் தனிப்பட்ட ஆதங்கம்.

விசாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய நான்குக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். அதிக இரவுகள் தங்கும் நாட்டின் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். 2024 சூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோ அளவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். புறப்படும் நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வழக்கமாக 15 நாளில் முடிவு தெரியும் என்றாலும் 45 நாள் வரை நீளக்கூடும் என்பதாலும், விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே பண்டிகைக் காலத்தில் அரிது என்பதாலும், தீபாவளிக்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.

உடையில் நம்மவர்கள் செய்யும் பிழை, உள்ளே பருத்திப் பனியனும் மேலே ஒரு தடித்த கம்பளிக் கோட்டும் போட்டுக்கொண்டு போய்விடுவது. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; ஏறி இறங்கி நடக்கும்போது ஈரமாகி, நின்றதும் உடலைச் சில்லிட வைத்துவிடும். உடலை ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஒரு கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத மேலாடை என்று அடுக்கடுக்காக அணிய வேண்டும். காலணி ஓரளவு பெரிதாக இருக்க வேண்டும். இரண்டு காலுறையைத் திணித்து இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் விறைக்கும். மெல்லிய கையுறையும் அதற்கு மேல் தடித்த கையுறையும் வேண்டும், கைப்பேசியில் படம் எடுக்கக் கையுறையைக் கழற்றாதவர் யாரும் இல்லை. ஊட்டிப் பயணத்துக்கு வாங்கிய மங்கி குல்லாவை யாரும் இகழ வேண்டாம். காதும் கழுத்தும் மறைய அதைவிட நல்லது அங்கேயும் கிடைக்காது. வேட்டை வண்டிக்காரர்கள் பலர் முழு உடல் குளிராடையை இரவலாகத் தருவார்கள், முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளலாம்.

குளிரைவிட அதிகம் அஞ்ச வேண்டியது தரையை. பனி உருகி மீண்டும் உறையும்போது தெருக்கள் கண்ணாடியாகிவிடும். காலணியின் அடியில் மாட்டிக்கொள்ளும் முள்பட்டையை விமான நிலையத்திலிருந்து வந்ததும் முதல் வேலையாக வாங்கி மாட்ட வேண்டும், பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் இதில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. வாடகைக் கார் எடுத்துத் தாமே ஓட்டிக்கொண்டு ஒளியைத் தேடும் எண்ணம் பலருக்கும் வருகிறது. பனிப்பாதையில் ஓட்டிப் பழகாதவர், வலப்பக்கம் ஓட்டும் நாட்டில், குறுக்கே வரும் காட்டுமான்களையும் வானத்தையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் நள்ளிரவில் ஓட்டுவது அறிவுடைய செயல் அன்று. வேட்டை வண்டிக்கு ஒருவருக்கு ஓர் இரவுக்கு நம் பணத்தில் பத்தாயிரம் ரூபாய் அளவில் ஆகலாம். வானம் தெளிந்த இரவுகளில் அந்தச் செலவும் வேண்டாம்: ட்ரோம்சோவின் பிரெஸ்ட்வான் ஏரிக்கரைக்கோ, தீவின் தென்முனையில் உள்ள டெலிகிராப்புக்தா கடற்கரைக்கோ போய் வடக்கையும் தலைக்கு மேலேயும் பார்த்து நின்றாலே போதும்.

உணவில் ஒரு சட்டச் செய்தி. இந்தியாவிலிருந்து இறைச்சியையும் பால்பொருள்களையும் அந்நாடுகளுக்குள் கொண்டுசெல்ல அனுமதியில்லை. ஆகவே நெய்ப்புட்டியும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். இட்லிப்பொடியும் புளிக்காய்ச்சலும் சமையலறையுள்ள விடுதியும் இருந்தால் ஒரு வாரத்தைச் சைவர்கள் இலகுவாகக் கடத்தலாம்.

படங்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தங்கள் இணைப்பின் முகப்பில் அச்சாகியிருந்த மரகதப் பச்சை வானம், கேமராவின் கண்ணைப் பல வினாடிகள் திறந்துவைத்து எடுக்கப்பட்டிருக்கும். இருளில் நம் கண்ணின் நிறம் காணும் பகுதி சரியாக வேலை செய்யாது. மிதமான ஒளி நேரில் வெளிறிய சாம்பல் மேகத்தைப் போலவே தோன்றும், அதில் பச்சை இருக்கிறதா என்று ஐயம்கூட எழும். கைப்பேசியின் இரவுப் பயன்முறையில் ஐந்து வினாடி பிடித்துப் பார்த்தால்தான் அது ஒளியா, மேகமா என்றே தெரியும். வலிமையான இரவில் நேரிலேயே பச்சையும் இளஞ்சிவப்பும் பளிச்சென்று ஓடும் என்பதும் உண்மை. ஆனால் அதை எல்லா இரவுக்கும் வாக்குறுதியாக அச்சிடும்போது, நல்ல ஒளியைக் கண்டவரும் இதற்காகவா இவ்வளவு செலவழித்தோம் என்ற மனக்குறையோடு திரும்புகிறார். குளிரில் கைப்பேசியின் மின்கலம் சட்டென்று வற்றிவிடும், உடலோடு ஒட்டிய உட்பையில் வைத்திருக்க வேண்டும். வெளியிலிருந்து சூடான அறைக்குள் வரும்போது கேமராவைப் பையிலிருந்து உடனே எடுத்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

ஐயா, தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வடதுருவ ஒளிப் பயணத்தைப் பற்றிய கட்டுரையையோ சிறப்புப் பக்கத்தையோ வெளியிடும்போது, அத்திட்டத்தில் ஆர்க்டிக் வட்டத்துக்கு அருகிலோ அதற்கு வடக்கிலோ எத்தனை இரவுகள் தங்கவைக்கிறார்கள், மேகம் மூடினால் வேறு இடத்துக்கு அழைத்துச் செல்ல வண்டி உண்டா, அதன் கட்டணம் சேர்த்தியா என்ற விவரங்களைக் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். படங்களின் கீழே அவை எத்தனை வினாடி திறந்துவைத்து எடுக்கப்பட்டவை என்று குறிப்பிடுங்கள். ஒளியைக் கண்டு திரும்பியவர்களின் அனுபவங்களை மட்டும் வெளியிடாமல், போய்விட்டு மேகத்தை மட்டுமே கண்டு திரும்பிய வாசகர்களையும் எழுத அழையுங்கள். அவர்கள் எங்கே, எத்தனை இரவு, எந்த மாதத்தில் தங்கினார்கள் என்பதே அடுத்துப் புறப்படுபவருக்கு மிகவும் பயன்படும் செய்தி. விசா விண்ணப்பத்துக்கு நேரம் பதிவு செய்யும் காலம் நெருங்கிவருவதால், இக்கடிதத்தைத் தைப்பயணத்துக்குத் திட்டமிடுவோர் கண்ணில் படும்படி விரைவில் வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
கோயம்புத்தூர்